பிட்காயினுக்கும் 'பைசா' இருக்கு! சடோஷி, பிட், க்வெய்... குட்டி அலகுகள் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பிட்காயின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது செய்திதான். ஒவ்வொரு முறை அந்தச் செய்தி வரும்போதும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு காயின் இத்தனை லட்சமா? அப்போ சாதாரண ஆளுங்க எப்படி வாங்குறாங்க?"

பதில் ரொம்ப சிம்பிள். யாரும் முழு பிட்காயின் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ரூபாய்க்குப் பைசா இருப்பது போல பிட்காயினுக்கும் சின்னச் சின்ன அலகுகள் இருக்கின்றன. ஆனால் ரூபாய்க்கு ஒரே ஒரு பைசாதான். டிஜிட்டல் நாணயங்களில் சடோஷி, பிட், மில்லி பிட்காயின், வெய், க்வெய் எனப் பெயர்கள் ஏராளம். இந்தப் பெயர்களில் வரும் குழப்பத்தால் பணத்தைக் கோட்டை விட்டவர்களும் உண்டு. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

சடோஷி என்றால் என்ன?

பிட்காயினின் மிகச் சிறிய அலகுதான் சடோஷி. சுருக்கமாக 'சாட்' என்பார்கள். ஒரு பிட்காயினை 10 கோடி துண்டுகளாகப் பிரித்தால், அதில் ஒரு துண்டு 1 சடோஷி. தசமத்தில் எழுதினால் 0.00000001 பிட்காயின். அதாவது புள்ளிக்குப் பிறகு எட்டாவது இடத்தில் இருக்கும் 1.

நம்ம ஊர் லட்சம், கோடி கணக்கு இதற்கு அழகாகப் பொருந்துகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்:

• 1 பிட்காயின் = 10 கோடி சடோஷி
• 1 மில்லி பிட்காயின் (ஆயிரத்தில் ஒரு பங்கு) = 1 லட்சம் சடோஷி
• 1 பிட் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) = 100 சடோஷி

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு பிட்காயின் விலை 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு மில்லி பிட்காயின் 8,000 ரூபாய். ஒரு பிட் 8 ரூபாய். ஒரு சடோஷி 8 பைசா. உங்களிடம் 500 ரூபாய் இருந்தால் 6,250 சடோஷி கிடைக்கும். (கட்டணம், வரி எல்லாம் தனி!)

விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது. பிட்காயினின் ரூபாய் விலையை 10 கோடியால் வகுத்தால், ஒரு சடோஷியின் விலை வந்துவிடும். ஒரு பிட்காயின் 1 கோடி ரூபாய் என்றால் ஒரு சடோஷி 10 பைசா. அவ்வளவுதான்.

இந்தப் பெயர் எப்படி வந்தது?

பிட்காயினை உருவாக்கியவர் தன்னை 'சடோஷி நகமோட்டோ' என்று அழைத்துக்கொண்டார். 2008 அக்டோபர் 31-ல் பிட்காயின் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ல் முதல் பிளாக் உருவானது. அவர் தனி ஆளா, குழுவா என்பதுகூட இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

ஆனால் 'சடோஷி' என்று அலகுக்குப் பெயர் வைத்தது அவர் இல்லை. பிட்காயின் பயன்படுத்திய ஒருவர் 2010 நவம்பரில், பிட்காயினின் நூறில் ஒரு பங்குக்கு 'சடோஷி' என்று பெயர் வைக்கலாம் என்றார். 2011 பிப்ரவரியில் அதையே கடைசி அலகுக்கு, அதாவது எட்டாவது தசம இடத்துக்கு வைக்கலாம் என்று மாற்றிச் சொன்னார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. எந்த அரசும் எந்த ரிசர்வ் வங்கியும் அறிவிக்காமல், மக்கள் பேசிப் பேசியே நிலைத்த பெயர் இது.

அந்தக் காலத்தில் குட்டி அலகுக்குப் பெரிய தேவையும் இருக்கவில்லை. 2010 மே 22-ல் அமெரிக்காவின் லாஸ்லோ ஹன்யேஸ் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். சடோஷி கணக்கில் அது 1 லட்சம் கோடி! 2011 பிப்ரவரியில்தான் ஒரு பிட்காயின் ஒரு டாலரைத் தொட்டது. ஒரு டாலர் பொருளுக்கு எட்டு தசம இடம் யாருக்கு வேண்டும்?

அப்புறம் ஏன் 8 தசம இடங்கள்?

இங்கேதான் சுவாரஸ்யமே இருக்கிறது. பிட்காயின் மென்பொருளுக்குள் 'அரை பிட்காயின்', 'கால் பிட்காயின்' என்று எதுவுமே கிடையாது. உள்ளே இருப்பதெல்லாம் சடோஷி மட்டும்தான். அதுவும் முழு எண்ணாக. நம் திரையில் 0.5 என்று தெரிவது, உள்ளே 5,00,00,000 என்று பதிவாகியிருக்கும். புள்ளி வைத்துக் காட்டுவது நம் வசதிக்காக மட்டுமே.

ஏன் அப்படி? கணினிக்கும் தசமத்துக்கும் அவ்வளவாக ஆகாது. பல நிரலாக்க மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும். பாடம் படிக்கும்போது இது வேடிக்கை. பணக் கணக்கில் இது வேட்டு. அதனால்தான் எல்லாவற்றையும் மிகச் சிறிய அலகில், முழு எண்ணாகவே எழுதி வைக்கிறார்கள். பல வங்கி மென்பொருட்களும் பேமென்ட் ஆப்களும் 10 ரூபாயை 1,000 பைசா என்று சேமிப்பது இதே காரணத்துக்காகத்தான்.

பிட்காயினின் ஆயுளையே இந்தக் குட்டி அலகுதான் தீர்மானிக்கிறது என்றால் நம்புவீர்களா? தொடக்கத்தில் ஒரு பிளாக்கை உருவாக்குபவருக்கு 50 பிட்காயின் பரிசு. அதாவது 500 கோடி சடோஷி. ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் இந்தப் பரிசு பாதியாகும். 2012, 2016, 2020, 2024 என நான்கு முறை பாதியாகி, 3.125 பிட்காயினுக்கு வந்துவிட்டது. இப்படியே 32 முறை பாதியானால் பரிசு 1 சடோஷி ஆகும். அடுத்த முறை? அரை சடோஷி என்று ஒன்று இல்லையே! அதனால் பரிசு பூஜ்யம். சுமார் 2140-ம் ஆண்டில் இது நடக்கும். புதிய பிட்காயின் வருவது அத்தோடு நின்றுபோகும்.

மொத்தம் 2.1 கோடி பிட்காயின்தான் என்று சொல்வதும் இந்தக் கணக்கில் இருந்து வருவதுதான். துல்லியமாகச் சொன்னால் அதைவிட ஒரு துளி குறைவாகவே இருக்கும். பாதியாக்கும்போது மிச்சமாகும் அரை சடோஷிகளை மென்பொருள் விட்டுவிடுவதே காரணம்.

பிட், மில்லி... நடுவில் இத்தனை எதற்கு?

2013-ல் விலை முதல்முறையாக 100 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில் 1,000 டாலரையும் தாண்டியது. ஒரு காபி விலை சொல்ல 0.003 பிட்காயின் என்று சொல்ல வேண்டிய நிலை. அப்போது பலரும் மில்லி பிட்காயினுக்கு மாறினார்கள்.

2017 டிசம்பரில் விலை 20,000 டாலரை நெருங்கியதும் மில்லியும் பெரிதாகிவிட்டது. அந்த மாதம்தான் நிரலாளர் ஜிம்மி சாங் 'பிட்' அலகைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று 'பிஐபி 176' என்ற முன்மொழிவை வைத்தார். பிட்காயினில் மாற்றம் வேண்டுபவர்கள் எழுதும் மேம்பாட்டு முன்மொழிவுகளுக்குத்தான் பிஐபி என்று பெயர். ஒரு பிட்டுக்கு 100 சடோஷி. ரூபாய்க்கு 100 பைசா மாதிரியே. உலகில் பெரும்பாலான நாணயங்கள் இரண்டு தசம இடத்தோடு நிற்பதால் இது பழகிய கணக்கு.

ஆனால் 'பிட்' பெரிதாக நிலைக்கவில்லை. கம்ப்யூட்டர் உலகில் 'பிட்' என்றால் ஏற்கெனவே வேறு அர்த்தம் இருப்பது ஒரு குறை. இன்று பேச்சிலும் வாலட் ஆப்களிலும் அதிகம் புழங்குவது இரண்டுதான்: மேலே பிட்காயின், கீழே சடோஷி.

சடோஷியைவிட சின்னது உண்டா?

உண்டு. ஆனால் பிட்காயினின் முதன்மைப் பேரேட்டில் இல்லை. சின்னத் தொகைகளை வேகமாக அனுப்புவதற்கென்று அதன் மேல் கட்டப்பட்ட 'லைட்னிங் நெட்வொர்க்'கில் இருக்கிறது. அங்கே மில்லிசடோஷி வரை கணக்கு வைக்கிறார்கள். 1,000 மில்லிசடோஷி சேர்ந்தால் 1 சடோஷி.

பெட்ரோல் பங்க்கை நினைத்துப் பாருங்கள். லிட்டர் விலையில் பைசா இருக்கும். பில்லிலும் இருக்கும். ஆனால் அந்தப் பைசாவை யாரும் கையில் எண்ணிக் கொடுப்பதில்லை. மில்லிசடோஷியும் அப்படித்தான். கணக்கில் மட்டும் இருக்கும். லைட்னிங்கில் இருந்து முதன்மைப் பேரேட்டுக்குத் திரும்பும்போது முழு சடோஷியாகத்தான் வர முடியும்.

சடோஷி நம் கண்ணில் எங்கே படும்?

முக்கியமாக, கட்டணம் கட்டும் இடத்தில். பிட்காயின் அனுப்பும்போது வாலட்டில் "5 சாட்/வி.பைட்" என்பது போல ஒரு வரி தெரியும். உங்கள் பரிவர்த்தனைத் தரவின் ஒவ்வொரு விர்ச்சுவல் பைட்டுக்கும் 5 சடோஷி கட்டணம் என்று அர்த்தம். சாதாரணப் பரிவர்த்தனை ஒன்று சுமார் 140 விர்ச்சுவல் பைட் இருக்கும். அப்படியென்றால் கட்டணம் 700 சடோஷி.

இதில் கவனிக்க வேண்டியது: கட்டணம் நீங்கள் அனுப்பும் தொகையைப் பொறுத்தது இல்லை, தரவின் அளவைப் பொறுத்தது. 10 பிட்காயின் அனுப்பினாலும் 700 சடோஷிதான். வெறும் 1,000 சடோஷி அனுப்பினாலும் 700 சடோஷிதான். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் கதைதான்!

இதனால்தான் 'டஸ்ட்', அதாவது தூசி என்று ஒரு எல்லையும் இருக்கிறது. பழைய வகை முகவரிகளுக்கு 546 சடோஷிக்குக் கீழே அனுப்பினால், நெட்வொர்க்கில் உள்ள பெரும்பாலான கணினிகள் அந்தப் பரிவர்த்தனையை அடுத்தவருக்குக் கடத்தாது. செலவழிக்கவே செலவு அதிகம் என்பதால் அதை ஒரு தூசியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஈதருக்கு வேறு பெயர்கள்

எத்தீரியம் நெட்வொர்க்கின் நாணயமான ஈதரில் கணக்கு இன்னும் நுணுக்கம். அதன் மிகச் சிறிய அலகு 'வெய்'. ஒரு ஈதரில் எத்தனை வெய்? 1 போட்டு 18 பூஜ்யம் போட வேண்டும். அதனால் நடைமுறையில் பயன்படுவது 'க்வெய்'. 100 கோடி வெய் சேர்ந்தால் 1 க்வெய். 100 கோடி க்வெய் சேர்ந்தால் 1 ஈதர்.

ஈதர் அனுப்பும்போது 'கேஸ்' கட்டணம் க்வெய் கணக்கில்தான் காட்டப்படும். ஒருவருக்கு நேரடியாக ஈதர் அனுப்ப 21,000 கேஸ் தேவை. கேஸ் விலை 10 க்வெய் என்றால் மொத்தம் 2,10,000 க்வெய். அதாவது 0.00021 ஈதர்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். பிட்காயினுக்கு முன்பே, 1998-ல் 'பி-மணி' என்ற டிஜிட்டல் பணத் திட்டத்தை எழுதியவர் வெய் டாய். அவர் பெயரில்தான் 'வெய்'. ஈதரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 'ஃபின்னி' என்று பெயர். 2009 ஜனவரியில் நகமோட்டோ முதன்முதலில் பிட்காயின் அனுப்பிய ஹால் ஃபின்னியின் நினைவாக வந்த பெயர் அது.

மற்ற சில நாணயங்களிலும் குட்டி அலகு உண்டு:

• கார்டானோ: 1 ஏடா = 10 லட்சம் 'லவ்லேஸ்' (கணித மேதை ஏடா லவ்லேஸ் பெயரில்)
• சொலானா: 1 சோல் = 100 கோடி 'லாம்போர்ட்' (கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் பெயரில்)
• எக்ஸ்.ஆர்.பி: 1 காயின் = 10 லட்சம் 'ட்ராப்', அதாவது துளி

எல்லாவற்றிலும் 100 சேர்ந்தால் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

விலை குறைவா இருந்தா மலிவா?

இதுதான் நம் பாக்கெட்டைத் தொடும் கேள்வி. "பிட்காயின் பல லட்சம். இந்த காயின் வெறும் 10 பைசாதான். இதுவும் அந்த விலைக்குப் போனா..." என்று ஆசை காட்டும் பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். ஒரு காயினின் விலையை மட்டும் வைத்து மலிவு என்று நினைக்கும் இந்தத் தவறை ஆங்கிலத்தில் 'யூனிட் பயஸ்' என்கிறார்கள். நாம் 'அலகு மயக்கம்' என்று சொல்லலாம்.

உதாரணத்துக்கு, ஷிபா இனு என்ற காயின் தொடங்கும்போது அதன் எண்ணிக்கை 1,000 லட்சம் கோடி. அவ்வளவு துண்டாகப் பிரித்ததால் ஒரு துண்டின் விலை புள்ளிக்குப் பின் பல பூஜ்யங்களோடு தெரிகிறது. பிட்காயினையும் சடோஷியில் எண்ணினால் மொத்தம் 2,100 லட்சம் கோடி வரும். ஷிபாவைவிட அதிகம்! 'ஒரு சடோஷி வெறும் 8 பைசா' என்று விளம்பரம் செய்தால் பிட்காயினும் மலிவான காயின் போலத்தான் தெரியும். பொருள் ஒன்றுதான், வெட்டிய துண்டின் அளவுதான் வேறு. கேக்கை எட்டாக வெட்டினாலும் எண்பதாக வெட்டினாலும் கேக் பெரிதாகாது.

இதைக் கண்ணெதிரே காட்டிய சம்பவம் 2020 ஆகஸ்டில் நடந்தது. போல்காடாட் நெட்வொர்க், ஓட்டெடுப்புக்குப் பிறகு ஒரு பழைய 'டாட்' காயினை 100 புதிய 'டாட்' ஆக மாற்றியது. 5 காயின் வைத்திருந்தவர் கையில் 500 காயின். ஒரு காயினின் விலை நூறில் ஒரு பங்கு. மொத்த மதிப்பு அதேதான். அலகு மாறினால் எண் மாறும், சொத்து மாறாது.

பெயரையே மாத்திடலாமா?

2025-ல் 'பிஐபி 177' என்ற முன்மொழிவு வந்தது. அது சொல்வது இதுதான்: தசமமே வேண்டாம், சடோஷி என்ற பெயரும் வேண்டாம். மிகச் சிறிய அலகையே 'பிட்காயின்' என்று அழைக்கலாம். இன்றைய 1 பிட்காயின், 10 கோடி பிட்காயின் என்று காட்டப்படும். நெட்வொர்க்கில் எதுவும் மாறாது, திரையில் தெரியும் எண் மட்டும் மாறும்.

ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. மென்பொருளுக்குள் இருப்பது அந்த முழு எண்தான். புதிதாக வருபவர்களுக்கு 0.00006250 என்பதைவிட 6,250 என்பது எளிது. எதிர்ப்பவர்கள் கேட்பதும் நியாயமானது. ஒரே பெயருக்கு நேற்று ஒரு மதிப்பு, இன்று வேறு மதிப்பு என்றால் குழப்பம் வராதா?

இந்தக் குழப்பம் இந்தியாவுக்குப் புதிதில்லை. முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. 1957 ஏப்ரல் 1-ல் இருந்து ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று அரசு மாற்றியது. பழைய பைசாவும் புதிய பைசாவும் கலந்துவிடாமல் இருக்க, புதியதற்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். மக்களுக்குப் பழகிய பிறகு, 1964-ல்தான் 'நயா' என்ற சொல்லை எடுத்தார்கள். அதன் பிறகும் 25 பைசாவை 'நாலணா' என்றும் 50 பைசாவை 'எட்டணா' என்றும் சொல்வதை நாம் விடவில்லை. அலகை ஒரே நாளில் மாற்றிவிடலாம். வாயில் புழங்கும் பெயரை அப்படி மாற்ற முடியாது. அரசு இருந்த இடத்திலேயே அப்படி. தலைமையே இல்லாத பிட்காயினில் எந்தப் பெயர் நிற்கும் என்பதை வாலட் நிறுவனங்களும் பயன்படுத்துபவர்களும்தான் தீர்மானிக்கப் போகிறார்கள்.

ஒரு பூஜ்யம் மாறினா என்ன ஆகும்?

மேலே பார்த்த 500 ரூபாய் உதாரணத்தில் தொகை 0.00006250 பிட்காயின். அதையே 0.00062500 என்று போட்டுவிட்டால் போவது 5,000 ரூபாய். பூஜ்யம் ஒன்று இடம் மாறினால் போதும்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் டிவர்சிஃபை என்ற கிரிப்டோ நிறுவனம் சுமார் 1 லட்சம் டாலரை எத்தீரியத்தில் அனுப்பியது. அதற்குப் போன கட்டணம் சுமார் 2 கோடியே 37 லட்சம் டாலர்! தசம எண்ணை மென்பொருள் கையாண்ட விதத்தில் இருந்த கோளாறே காரணம். 2023 செப்டம்பரில் பாக்சோஸ் நிறுவனம் 0.07 பிட்காயின் அனுப்ப, சுமார் 20 பிட்காயின் கட்டணமாகப் போனது. இரண்டு முறையும் பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவர்கள் மனது வைத்துத் திருப்பிக் கொடுத்ததால் தப்பித்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. வங்கிக்குப் போய் "தப்பா அனுப்பிட்டேன்" என்று சொல்வது போல இங்கே சொல்ல ஆள் கிடையாது. பேரேட்டில் பதிவாகிவிட்டால் அவ்வளவுதான்.

அனுப்பும் முன் இதைப் பாருங்க

• ஆப்பின் அமைப்புகளில் எந்த அலகு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிட்காயினா, சாட்டா? ஆப்பை மாற்றினால் மீண்டும் பாருங்கள்.
• பூஜ்யத்தை எண்ணுவதைவிட, பக்கத்தில் தெரியும் ரூபாய் மதிப்பைப் பார்ப்பது பாதுகாப்பு. அது நினைத்த தொகையோடு பொருந்தினால் மட்டும் அனுப்புங்கள்.
• தொகைக்குத் தனியாக, கட்டணத்துக்குத் தனியாக என இரண்டு முறை சரிபாருங்கள்.
• பெரிய தொகை என்றால் முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள்.
• "10,000 சடோஷி இலவசம்" என்று யாராவது ஆசை காட்டினால் உடனே ரூபாயில் கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன உதாரண விலையில் அது 800 ரூபாய்தான். அதற்காக வாலட்டின் ரகசியச் சொற்களைக் கேட்டால், அது நிச்சயம் மோசடி.
• புதிய காயினில் 'ஒரு காயின் எவ்வளவு' என்பதோடு 'மொத்தம் எத்தனை காயின்' என்றும் கேளுங்கள். இரண்டையும் பெருக்கினால்தான் உண்மையான அளவு தெரியும்.

இந்தியாவில் நிலை என்ன?

பிட்காயின், ஈதர் எதுவும் இந்தியாவில் சட்டபூர்வ பணம் கிடையாது. இவற்றை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30% வரி. பரிவர்த்தனைக்கு 1% டி.டி.எஸ். பிடித்தம் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சில சடோஷிகளை விற்றுக் கிடைத்த லாபம் என்றாலும் வரி விகிதம் அதேதான்.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1-ல் சில்லறைப் பயன்பாட்டுக்குச் சோதனை முறையில் கொண்டுவந்த டிஜிட்டல் ரூபாய் வேறு ரகம். அது நம் ரூபாயின் டிஜிட்டல் வடிவம். நோட்டு, நாணயங்களில் இருக்கும் அதே மதிப்புகளில்தான் வருகிறது. அங்கே சடோஷியும் இல்லை, க்வெய்யும் இல்லை. நமக்குத் தெரிந்த ரூபாய் கணக்குதான்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. கிரிப்டோ முதலீட்டில் பணத்தை இழக்கும் அபாயம் அதிகம். இதில் உள்ள ரூபாய் மதிப்புகள் கணக்கை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களே, இன்றைய விலை அல்ல.)